தோல் முட்டை ஏன்?

கேள்வி: என்னிடம் ஆறு பேடுகள். இரண்டு, ஓடில்லாத தோல் முட்டை இடுகின்றன. ஒன்று அதைக் கொத்திக் குடிக்கவும் பழகிவிட்டது. தீன் தவிடும் மிச்சச் சோறும்தான். என்ன செய்யலாம்?
– சாம்பல்தீவு வாசகி

பதில்: தங்கச்சி, குற்றம் கோழியில் இல்லை, தீன் சட்டியில்தான். ஒரு முட்டை ஓட்டுக்கே சுமார் 2 கிராம் கல்சியம் வேண்டும். தவிட்டிலும் சோற்றிலும் அது அற்பம். கடையில் வாங்குவதென்றால் முட்டைக் கோழித் தீனையே கேட்டு வாங்குங்கள். இறைச்சிக் கோழித் தீனில் கல்சியம் குறைவு.

திருகோணமலையில் இருந்துகொண்டு, கல்சியம் தரும் சிப்பிக்கு அலைவதா? மட்டிச் சிப்பியை நன்றாகக் கழுவி, காயவைத்து, மிளகளவுக்கு உடையுங்கள். மாவாக்க வேண்டாம். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகும். துண்டுகள் இரைப்பையில் கிடந்து மெல்லக் கரைந்து அதற்கு உதவும். தீனில் கலக்காமல் தனிச் சிரட்டையில் பின்னேரம் வையுங்கள். வேண்டிய கோழி வேண்டியதைத் தின்னும். நான் முதலில் கலந்துதான் வைத்தேன். அரைவாசியைச் சேவல் தின்றது!

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெக்கையில் வாய் பிளந்து இளைக்கும் கோழிக்கும் ஓடு மெலியும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் முக்கியம்.

முட்டை குடிக்கும் பேட்டுக்கு, கூட்டை இருட்டாக்கி, முட்டையை உடனுக்குடன் எடுங்கள். ஓடு தடித்தால் பாதித் தொல்லை தீரும்.

அப்புறம், எந்தப் பேடாவது வாலைத் தாழ்த்தி முக்கிக்கொண்டே நின்றால் முட்டை அடைத்திருக்கலாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பின்பக்கம் நனைய 20 நிமிடம் வைத்துப் பாருங்கள். இறங்காவிட்டால் அமுக்க வேண்டாம், மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.