வாயுப் பிடிப்பா, மாரடைப்பா? நெஞ்சுவலி குறித்த கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு வயது 58, சர்க்கரை நோய் உண்டு. நேற்றிரவு நடுநெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் ஏற்பட்டன. சோடா குடித்து ஏப்பம் வந்ததும் வலி குறைந்துவிட்டது. வேறு ஏதேனும் கைவைத்தியம் செய்யலாமா?

பதில்: கைவைத்தியம் வேண்டாம், உடனே ஈ.சி.ஜி. வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஏப்பம் வந்தபின் வலி தணிந்தது என்பதற்காக அதை வாயு என்று முடிவுகட்ட இயலாது. இதயத் தசைக்கு இரத்தம் போதாமல் எழும் வலியும் சில நிமிடங்களில் தானாகத் தணிந்து, பின்னர் கடுமையாகத் திரும்பக்கூடும். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமல், களைப்பும் மூச்சிரைப்பும் மட்டும் தோன்றுவதும் உண்டு. முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும், இதயத் தசை பாதிக்கப்பட்டதா என்று காட்டும் ட்ரோபோனின் என்னும் இரத்தப் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் மறுபடியும் செய்யச் சொன்னால், வீண்செலவு என்று மறுத்துவிடாதீர்கள். வழியிலோ வீட்டிலோ வலி திரும்பினால், அவரை நடக்க விடாமல் உட்காரவைத்து 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: ஆம்புலன்ஸ் வரும்வரை, பக்கத்து வீட்டுக்காரர் தம் இதய வலிக்காக வைத்திருக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கின் அடியில் வைக்கலாமா?

பதில்: கூடாது. அது இரத்தக் குழாய்களை விரித்து இரத்த அழுத்தத்தைக் குறைப்பது. அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருந்தாலோ, ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் போன்ற மாத்திரையை அண்மையில் உட்கொண்டிருந்தாலோ, உயிருக்கே ஆபத்தாகலாம். (வீட்டாரிடம் சொல்லக் கூச்சப்படும் செய்தி இது, மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.) தமக்கென்று மருத்துவர் எழுதிக்கொடுத்திருப்பவர்கள் மட்டும் உட்கார்ந்த நிலையில் சார்பிட்ரேட்டை நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளலாம். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ குடற்புண் இரத்தக்கசிவோ இல்லாதவர்கள், 108-ஐ அழைத்தபின் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். அப்படியே விழுங்குவதைவிட மென்றால் விரைவில் வேலை செய்யும். தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில், 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்கீழ் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் ஆகியவற்றை முதல் தவணையாகக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

கேள்வி: எனக்கு வயது 24. எடை தூக்கிய மறுநாள் முதல், விலா எலும்பின் ஓரத்தில் விரலால் அழுத்தினால் வலிக்கிறது.

பதில்: ஒரே இடத்தில் அழுத்தும்போதும் உடலைத் திருப்பும்போதும் கூடும் வலி, பெரும்பாலும் தசையையோ விலாக் குருத்தெலும்பையோ சார்ந்தது. ஓய்வு, வெந்நீர் ஒத்தடம், தேவையானால் பாராசிட்டமால் போதும். மூச்சுத் திணறல் சேர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: இரவில் படுத்ததும் நெஞ்சு எரிகிறது, புளித்த நீர் தொண்டைக்கு வருகிறது.

பதில்: இரைப்பை அமிலம் மேலேறுவதன் அடையாளம் இது. உணவுக்கும் உறக்கத்துக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுங்கள். தலையணைகளை அடுக்காமல், கட்டிலின் தலைமாட்டுக் கால்களை அரை அடி உயர்த்துங்கள். படியேறும்போதும் அதே எரிச்சல் வந்தால், அதை அமிலம் என்று எண்ணாமல் இதயத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தொடர்ந்து இருமினால் மாரடைப்பு நிற்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

பதில்: நிற்காது. இருமும் நேரத்தில் 108-ஐ அழைத்துவிடலாம்.