அழாமல் மூடிவைத்த நாவல்

வணக்கம் சார்,

எங்கள் வாசிப்புக் குழுவில் எல்லோரும் அழுது தீர்த்ததாகச் சொன்ன ஒரு நாவலைப் போன வாரம் முடித்தேன். கடைசியில் அந்தப் பெண் சாகிற இடத்தில் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை. ஆனால் நடுவில், அவளுடைய அப்பா கடன் கேட்கப் போய் வாசலிலேயே நிற்கவைக்கப்படும் அரைப் பக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது. அதைப் பற்றி குழுவில் யாரும் பேசவே இல்லை. எனக்குத்தான் ஏதாவது குறையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

குறையெல்லாம் ஒன்றுமில்லை. அழுகை எதனால் பிறக்கிறது என்று தொல்காப்பியத்தில் உணர்ச்சி வெளிப்பாடுகளைப் பேசும் மெய்ப்பாட்டியல் நான்கைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. சாவு இரண்டாவதில் அடங்கிவிடும். முதலில் நிற்பது இளிவு, அதாவது பிறரால் இகழப்பட்டுச் சிறுத்துப்போவது. அந்த வரிசை யாப்புக்காக அமைந்ததாகவும் இருக்கலாம், ஆனால் என் வாசிப்புக்கு அது சரியாகவே படுகிறது. உங்கள் அரைப் பக்கத்தில் இளிவும் வறுமையும் ஒன்றாக வந்து நிற்கின்றன, அந்த அப்பா ஒரு காலத்தில் நன்றாக வாழ்ந்தவர் என்றால் நிலை தளர்ந்துபோகிற அசைவும் சேர்ந்துகொள்ளும். பிறகு அழாமல் என்ன செய்வீர்கள்?

சாவை வைத்து அழவைப்பது சுலபம். ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் 1840-41இல் தொடராக எழுதிய ஒரு நாவலில் வரும் நெல் என்ற சிறுமியைச் சாகடித்துவிடாதீர்கள் என்று வாசகர்கள் கடிதம் எழுதிக் கெஞ்சினார்கள்; பிறகு வந்த பலருக்கு அதே பகுதி மிகையாகப் பட்டது. முதலில் அழுதவர்களை நான் கேலி செய்ய மாட்டேன், மாதக்கணக்கில் அவளோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். உங்கள் குழுவும் சேர்ந்து படித்து, சேர்ந்து அழுதிருக்கிறது, அதுவும் ஒரு சுகம்தான். (பின்னட்டையில் ‘கண்ணீரை அடக்க முடியாது’ என்று போட்டிருந்தால் மட்டும் எனக்கு எரிச்சல் வந்துவிடும்.)

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1892இல் ஓர் இளம் எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில், துயரப்படுகிறவர்களைக் காட்டி வாசகரை உருக்க வேண்டுமென்றால் நீங்கள் உருகாமல் விலகி நின்று எழுதுங்கள், அப்போதுதான் அந்தத் துயரம் எடுப்பாகத் தெரியும் என்ற பொருளில் சொல்கிறார். நம் பாரி மகளிர் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். புறநானூறு 112, ஐந்தே அடி. கண்ணீர் என்ற சொல் அதில் கிடையாது. அன்றைய நிலவில் எங்கள் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இன்றைய நிலவில் குன்றையும் வேந்தர்கள் கொண்டுவிட்டார்கள், தந்தையும் இல்லை. முதலில் தந்தை, அப்புறம் குன்று என்று போன வரிசை இரண்டாம் பாதியில் திரும்பிக்கொள்கிறது பாருங்கள். எதைச் சொல்ல வாய் வரவில்லையோ அது கடைசிக்குத் தள்ளிப்போய், ‘எந்தையும் இலமே’ என்று முடிகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்த இடம் தாங்குவதில்லை.

அதற்காக, ஊரே அழுத இடத்தில் நான் அழவில்லை என்பதைப் பெருமையாகவும் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த அரைப் பக்கத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள், வாசலில் நிற்கிற அப்பா அங்கே அழுகிறாரா என்று. அழுதிருக்க மாட்டார் என்பது என் ஊகம். தப்பாக இருந்தால் எழுதுங்கள், நாவலின் பெயரையும் சேர்த்து.