பன்றியா, யானையா? 1911 வெள்ளி ரூபாய் பற்றி வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: தோட்ட வீட்டைக் காலி செய்தபோது பாட்டியின் தகரப் பெட்டியில் 1911 என்று போட்ட வெள்ளி ரூபாய் ஒன்று கிடைத்தது. “பன்றி ரூபாய், லட்சக்கணக்கில் போகும்” என்கிறார்கள். உண்மையா? எப்படிச் சோதிப்பது?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பன்றி ரூபாய் உண்மை. லட்சக்கணக்கு, கோப்பிக்கடைப் பேச்சு.

இது பிரிட்டிஷ் இந்தியக் காசு. அதில் உள்ள அரசர் ஐந்தாம் ஜார்ஜின் உருவத்தை வடித்தவர் ஆஸ்திரேலியச் சிற்பி பெர்ட்ராம் மெக்கென்னல். 1908 லண்டன் ஒலிம்பிக் பதக்கத்திலும் அவர் கைவேலை உண்டு. அரசரின் மேலங்கிமேல் கிடக்கும் விருதுச் சங்கிலியில் யானை ஒன்றைச் செதுக்கினார். நெல்மணி அளவுதான். தும்பிக்கை கட்டை, காலும் கட்டை. பார்த்தவர் கண்ணுக்குப் பன்றியாகத் தெரிந்தது. பன்றியை விலக்கி வைக்கும் முஸ்லிம்கள் அந்தக் காசைக் கையில் எடுப்பார்களா? எதிர்ப்பு கிளம்பியதும் அரசு வெளியீட்டை நிறுத்தியது. அச்சடித்த சுமார் 94 லட்சத்தில் 7 லட்சம் அளவுக்குத்தான் வெளியே போயிருந்தது. மிச்சம் உலைக்குப் போனது. 1912 காசில் தும்பிக்கை நீண்டு, காதும் தெளிவானது. 7 லட்சம் என்பது குறைவுதான். ஆனால் ஊருக்கு ஒன்று என்ற கணக்கில்லை.

சோதனையை விலங்கிலிருந்து தொடங்குங்கள், ஆண்டை அப்புறம் பார்க்கலாம். 1914-இன் 4-ஐயோ 1917-இன் 7-ஐயோ சுரண்டி 1 ஆக்குகிறவர்கள் உண்டு. யானையை யாரும் சுரண்டிப் பன்றியாக்க முடியாது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில், விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஆண்டு 1911, தும்பிக்கை மட்டும் நீளம் என்றால் அது திருத்திய காசு.

அடுத்து எடை. நகைக்கடைத் தராசில் 11.66 கிராம் காட்ட வேண்டும். புழங்கித் தேய்ந்தது சற்றுக் குறையும். எடையைச் சரிக்கட்டி வார்த்த போலியும் வருவதால் தண்ணீர்ச் சோதனையும் தேவை. தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துப் பூஜ்யமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். 91.7 சதவீத வெள்ளியானால் தராசு 1.13 கிராம் அளவில் நிற்கும். செம்பும் நிக்கலும் கலந்த போலி 1.3-ஐத் தொடும். காசு அடியில் பட்டுவிட்டால் கணக்கே கெட்டுவிடும். விளிம்பின் வரிக்கோடுகளுக்குக் குறுக்கே ஒட்டுக்கோடு தெரிந்தாலும் அது வார்ப்புதான்.

இதில் சுத்த வெள்ளி சுமார் 10.7 கிராம். விற்கும் நாளில் ஒரு கிராம் வெள்ளியின் விலையால் பெருக்கினால் வரும் ரிங்கிட்டுக்குக் கீழே யார் கேட்டாலும், பாசார் மாலாமோ அடகுக்கடையோ, கொடுக்காதீர்கள்.

கேள்வி: காசு கறுத்துவிட்டது. விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: குத்துவிளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விபூதி, புளி, பற்பசை எல்லாமே மேல்தோலைச் சுரண்டும். முதலில் அழிவது அந்தக் குட்டி விலங்குதான், அது போனால் விலையும் போச்சு. கறுப்பு வெள்ளியின் இயல்பு. சேகரிப்பவர்கள் அதை விரும்பியே வாங்குகிறார்கள்.

ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள். ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பால்மரக் காட்டைச் சுற்றி வாழ்கிற நமக்கே இது பலசமயம் தெரிவதில்லை! குழைவான பிவிசி உறையும் ஆகாது; நம் புழுக்கத்தில் சில வருடத்தில் பச்சைப் பிசுக்கு படியும். படிந்துவிட்டால் சுத்த அசிட்டோனில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, தேய்க்காமல் உலரவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு எரியக்கூடாது.

கேள்வி: எங்கள் ரூபாயில் தாலிக்கொடியில் கோக்கக் காது வைத்திருக்கிறது. எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். பற்றவைத்த இடத்தில் சூட்டுத் தழும்பு இருக்கும். காதை எடுத்தாலும் அது மறையாது. சேகரிப்புக் காசாக அதன் மதிப்பு பெரும்பாலும் போய்விட்டது. கொடியிலேயே இருக்கட்டும்.

கேள்வி: பம்பாய் நாணயச்சாலையில் அடித்த காசா, கல்கத்தாவில் அடித்ததா என்று எப்படித் தெரியும்?

பதில்: பின்பக்கம், அடியில் உள்ள தாமரைக்குக் கீழே சிறு புள்ளி இருந்தால் பம்பாய். இல்லையென்றால் கல்கத்தா. தேய்ந்த காசில் புள்ளி மழுங்கியிருக்கும், லென்ஸ் இல்லாமல் முடிவு கட்டாதீர்கள்.