அடைத்த கதவுக்குள் எழுதிய சட்டம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரசியல் சட்டங்கள் உருவான கதை பற்றிய கட்டுரையில், அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதிய 1787 ஃபிலடெல்ஃபியா மாநாட்டை மெச்சியிருந்தீர்கள். 55 பேர் கதவைச் சாத்திக்கொண்டு எழுதியது எப்படி மக்களின் சட்டம் ஆகும்? நம் அரசியல் நிர்ணய சபையின் விவாதங்கள் அச்சிலேயே கிடைக்கின்றன. 53,000 பேர் பார்வையாளர்களாக வந்திருக்கிறார்கள். எது ஜனநாயகம்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

ரகசியம் அங்கே கடுமையாகத்தான் இருந்தது. யாரோ ஒரு பிரதிநிதி தீர்மானங்களின் நகலைக் கீழே போட்டுவிட்டார். அது மாநாட்டுத் தலைவர் வாஷிங்டன் கைக்குப் போனது. அன்றைய கூட்டம் முடியும் நேரத்தில் அவர் எழுந்து கண்டித்துவிட்டு, தாளை மேஜைமேல் எறிந்து, ‘உரியவர் எடுத்துக்கொள்ளலாம்’ என்று சொல்லிப் போய்விட்டார். யாரும் எடுக்கவில்லை. இதை எழுதிவைத்த இன்னொரு பிரதிநிதி வில்லியம் பியர்ஸ், தன் பையில் நகல் இல்லாததைக் கண்டு வெலவெலத்துப் போனாராம். மேஜைமேல் கிடந்த தாளில் வேறொருவர் கையெழுத்தைக் கண்ட பிறகுதான் மூச்சு வந்திருக்கிறது. அவருடைய நகல் அறையில் இன்னொரு கோட்டில் இருந்தது.

ஆனால் அந்த ரகசியத்துக்கு ஒரு பயன் இருந்தது. யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று நடவடிக்கைக் குறிப்பில் பெயர் போட வேண்டாம் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தார்கள். பெயர் பதிவானால் அப்புறம் மனசை மாற்றிக்கொள்ளக் கூச்சம் வரும் என்பதுதான் காரணம். முடிவான விஷயத்தையும் மறுபடி எடுக்கலாம். முழுச் சபையும் ஒரு குழுவாக உட்கார்ந்து, கட்டுப்படுத்தாத வாக்கெடுப்பு நடத்திப் பார்க்கலாம். அப்போது வாஷிங்டன் நாற்காலியை விட்டு இறங்கிவிடுவார். நதானியேல் கோரம் தலைமை தாங்குவார். பெரிய மாநிலங்களும் சின்ன மாநிலங்களும் முட்டிக்கொண்டு நின்ற, மேலவையில் யாருக்கு எத்தனை இடம் என்ற பிரச்சினை, ஜூலை 16 அன்று மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற முறையில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்தான் தீர்ந்தது. மேடைப் பேச்சாக இருந்திருந்தால் அதுகூட நடந்திருக்காது. அதே அறையில்தான், மாநிலங்களின் பிரதிநிதித்துவத்துக்கு மக்கள்தொகையைக் கணக்கிடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணும் பேரமும் நடந்தது. அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

நம் சபை திறந்த சபைதான், சரி. வரைவுக்கு வந்த 7,635 திருத்தங்களில் 2,473 சபையில் முன்மொழியப்பட்டன. ஆனால் சிக்கலான விஷயங்களில் உண்மையான மல்லுக்கட்டு காங்கிரஸ் கட்சிக் கூட்டங்களில் நடந்தது. ஆட்சிமொழிச் சண்டை நல்ல உதாரணம். ஆக, அடைத்த கதவு அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. கதவு திறந்த பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

அங்கே ஒன்பது மாநிலங்கள் ஒப்புக்கொண்டால் சட்டம் அமலுக்கு வரும் என்று எழுதினார்கள். அப்போதிருந்த கூட்டமைப்பு விதிப்படி 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். ரோட் ஐலண்ட் மாநாட்டுக்கு ஆளையே அனுப்பவில்லை. அதனால் விதியையே தாண்டிப் போனார்கள். அதேசமயம், இதற்கென்றே மாநிலம்தோறும் தேர்ந்தெடுத்த மன்றங்களில் ஒப்புதல் கேட்டார்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அதில் இடமில்லை. இருந்தாலும், எழுதியவர்கள் வெளியே வந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மாநாடு முடியும் தறுவாயில், செப்டம்பர் 12 அன்று, உரிமைகளின் பட்டியல் ஒன்று வேண்டும் என்றார் வர்ஜீனியா பிரதிநிதி ஜார்ஜ் மேசன். சில மணி நேரத்தில் எழுதிவிடலாம் என்றும் சொன்னார். ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை. ஒப்புதல் கேட்டுப் போன இடத்தில் இதே கேள்விதான் மாட்டிக்கொண்டது. மாசசூசெட்ஸில் 187–168 என்று தப்பித்தார்கள், அதுவும் ‘இப்போது ஏற்கிறோம், இந்தத் திருத்தங்களைப் பிறகு செய்யுங்கள்’ என்ற பரிந்துரையோடு. பின்னால் வந்த பல மாநிலங்களும் அதே வழியைப் பிடித்தன. 1791 டிசம்பரில் பத்துத் திருத்தங்கள் உரிமைகளின் பட்டியலாகச் சட்டமாயின. உள்ளே இருந்தவர்கள் ஒதுக்கித் தள்ளியதை வெளியே இருந்தவர்கள் எழுதவைத்தார்கள். நான் மெச்சியது இதைத்தான்.

நமக்கு அப்படி ஒரு கட்டம் இல்லை. 1949 நவம்பர் 26 அன்று சபையே ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான். அந்தச் சபையும் பெரும்பாலும் மாகாண சட்டசபைகள் வழியாக மறைமுகமாக வந்தது. அதே சபைதான் தற்காலிக நாடாளுமன்றமாக உட்கார்ந்து, முதல் பொதுத்தேர்தலுக்கு முன்பே, 1951 ஜூனில் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்தது. இடஒதுக்கீட்டைக் காத்த 15(4) பிரிவு அதில் வந்ததுதான், அதில் எனக்கு மகிழ்ச்சியே. பேச்சுரிமையில் கத்தரி வைத்ததும் அதே திருத்தம். இரண்டுக்குமே யாரிடமும் போய்க் கேட்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை.