அரசரின் நெற்றியில் ஒரு மரு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழங்காலத்தில் ஈரானை ஆண்ட பார்த்தியர்களின் காலத்தைச் சேர்ந்த, அங்கே ஷமி என்ற ஊரில் கிடைத்த வெண்கலச் சிலையையும் பார்த்திய ராணி மூசாவின் பளிங்குத் தலையையும் வைத்து, செயற்கை நுண்ணறிவில் யாரோ உருவாக்கிய முகங்களைப் பார்த்தேன். பார்த்தியத் தளபதி சுரேனாவே எழுந்து வந்து என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. கண் கலங்கிவிட்டது. இவை எந்த அளவுக்கு உண்மை? ராணிக்குப் பொன்னிறக் கூந்தல் சரிதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கண் கலங்கியதில் தப்பில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய மனிதரின் முகத்தைப் பார்க்கும் ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் யாருக்காகக் கலங்குகிறோம் என்றாவது விசாரித்திருக்க வேண்டாமா? ஷமி சிலையில் பெயரே கிடையாது. அதை சுரேனா என்பது வெறும் ஆசை. ஈரானின் சூசா நகரில் கிடைத்த அந்தப் பளிங்குத் தலையில் ஒரு பெயர் இருக்கிறது, அது சிற்பியுடையது: திரியாஸின் மகன் அந்தியோகஸ். தலையில் மதில் வடிவ மகுடம் இருப்பதால், அது ராணியே அல்ல, நகரத்தின் காவல் தெய்வம் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. கூந்தல் நிறத்தை விடுங்கள்.

மண்டையோடு கிடைத்தால் அதன்மேல் தசையை அளந்து வைக்கலாம். இங்கே இருப்பது கல்லும் வெண்கலமும். ஆனால் பார்த்திய அரசர்களை நெருங்கிப் பார்க்க ஒரு வழி உண்டு. சில மாதங்களாக என் மனசு அதிலேயேதான் கிடக்கிறது.

அவர்களுடைய வெள்ளி நாணயங்களைப் பாருங்கள். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். கி.மு. 53இல் கர்ரே என்ற இடத்தில் நடந்த போரில் ரோமானியப் படை அழிந்தபோது அரசராக இருந்த இரண்டாம் ஒரோடெஸ், இடப்பக்கம் பார்த்தபடி இருக்கிறார். நெற்றியில் ஒரு மரு. அச்சு வெட்டியவர் அதை மறைக்கவில்லை. ஒரோடெஸைக் கொன்று கி.மு. 37இல் அரியணை ஏறிய மகன் நான்காம் பிராடெஸின் நாணயத்திலும் நெற்றியில் அதே மரு. பரம்பரையாக வந்த தோல் கட்டி என்று மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். வாரிசு என்று காட்டப் பொறித்த அடையாளம் என்பாரும் உண்டு. அப்படியே இருக்கட்டும். அப்பாவைக் கொன்றவருக்கும் அப்பாவின் மரு தேவைப்பட்டிருக்கிறது! நீங்கள் பார்த்த முகங்களில் ஒரு தழும்பு, ஒரு பரு இருந்ததா? எல்லாம் விளம்பரத்துக்கு வந்து நிற்கும் முகங்கள். அதைப் பார்த்துவிட்டு சுரேனாவே எழுந்து வந்ததுபோல் இருந்தது என்று எப்படி எழுதினீர்கள்?

என் அப்பாவுக்கு வலது புருவத்துக்கு மேலே மிளகு அளவு மரு இருந்தது. அவர் போன பிறகு, இருந்த ஒரே போட்டோவைப் பெரிதாக்க ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். நிறத்தைக் கூட்டி, மருவை எடுத்துவிட்டு, சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கு அன்றைக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கண்ணாடியைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தபோதுதான் கவனித்தேன். நடு நெற்றியில் வைக்கவில்லை. வலது புருவத்துக்கு மேலே, சரியாக அந்த இடத்தில், மிளகு அளவுக்கு வைத்தாள். கடைசி வரைக்கும் அங்கேதான் வைத்தாள்.

அந்தப் படங்களைச் செய்தவர் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால், அடுத்து ஒரோடெஸைச் செய்யச் சொல்லுங்கள். நெற்றியில் மரு இருந்தால் எனக்கு அனுப்புங்கள்.