பின் யூ ஜொயின்ட் ஏன் நிலைக்கவில்லை?

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்): என் பழைய ஜீப்புக்குப் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் வாங்கிய வேறொரு வாகனத்தின் பின் அக்ஸிலைப் பொருத்தி, அதற்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டை லேத்தில் கொடுத்துக் கட்டையாக்கினோம். அன்றிலிருந்து டிஃப் (அக்ஸிலிலுள்ள பற்சக்கரப் பெட்டி) பக்கத்து யூ ஜொயின்ட், அதாவது ஷாஃப்டை வளைந்து சுற்றவிடும் மூட்டு, அடிக்கடி போகிறது. மற்றப் பக்கம் நன்றாகவே இருக்கிறது. அந்த மூட்டுக்குள் இருக்கும் சிலுவைத் துண்டான குரொஸை ஜப்பான் சாமானாகக்கூடப் போட்டுப் பார்த்தாயிற்று. சாமான் தரமில்லையா?

பதில்: சாமானைத் திட்டாதீர்கள். மட்டமான குரொஸ் என்றால் எந்தப் பக்கமும் போகலாம். உங்களுக்கோ ஒரே பக்கம், அதுவும் அக்ஸில் மாறிய பக்கம். ஸ்பிரிங் உட்காரும் தட்டை அக்ஸிலில் வெல்ட் பண்ணியபோது டிஃப் மூக்கின் (ஷாஃப்ட் வந்து சேரும் முனை) சாய்வை யாரும் அளக்கவில்லை என்பதுதான் என் சந்தேகம்.

யூ ஜொயின்ட் வளைந்து நின்று சுற்றும்போது, ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறு பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். ஷாஃப்டின் மற்ற முனை ஜொயின்டும் அதே கோணத்தில் இருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தை அது சரிக்கட்டிவிடும். இல்லையென்றால் ஷாஃப்ட் அதிரும், கோணம் கூடிய ஜொயின்ட் முதலில் சாகும்.

சமதளத்தில் நிறுத்தி அளந்து பாருங்கள், சில்லுகள் நிலத்தில் இருக்க வேண்டும். ஜக்கில் தூக்கி அக்ஸில் தொங்கும்போது எடுத்த அளவு எதற்கும் உதவாது. கைபேசியிலுள்ள சாய்வுமானியே போதும். உதாரணமாக ட்ரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் அக்ஸில்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வெளித்தண்டு பின்னோக்கி 4 பாகை சரிவு, ஷாஃப்ட் 10 பாகை சரிவு, டிஃப் மூக்கு நேர்மட்டம் என்று வைத்துக்கொள்வோம்: முன் ஜொயின்ட் 6 பாகையில் வேலை செய்ய, பின்னது 10 பாகையில் அடி வாங்குகிறது. மூக்கை 4 பாகை உயர்த்தினால் இரண்டும் 6. ஆனால் இலை ஸ்பிரிங் வண்டியில் அக்சலரேட்டரை மிதித்ததும் மூக்கு தானே கொஞ்சம் எழும்பும் என்பதால் ஒன்று இரண்டு பாகை குறைத்தே வைப்பார்கள். (ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை ஜொயின்ட் உள்ள ஷாஃப்ட் என்றால் கணக்கு வேறு, அங்கே மூக்கு ஷாஃப்டையே நேராகப் பார்க்க வேண்டும்.)

மேலிருந்தும் பாருங்கள். வில்லிஸ் வழி வந்த ஜீப்களில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் வாய் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், நீங்கள் போட்ட அக்ஸிலில் டிஃப் நடுவில் இருந்தால் பக்கவாட்டுக் கோணமும் சேரும். மேல்கீழ் 4, பக்கம் 3 என்றால் ஜொயின்டுக்கு உண்மையில் 5 பாகை.

அப்புறம் லேத் வேலை. ஷாஃப்டின் இரு முனைகளிலும் குரொஸைப் பிடிக்கும் காதுகள் ஒரே நேரில் நிற்கின்றனவா? வெல்ட் திரும்பியிருந்தாலோ, நீண்டு சுருங்கும் ஸ்லிப் பகுதியை ஒரு பல் தள்ளிக் கோத்திருந்தாலோ கோணம் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. வண்டியில் ஆட்களை ஏற்றி அமுக்கிப் பாருங்கள், ஸ்லிப் உள்ளே போய் முட்டவும் கூடாது.

கழற்றிய குரொஸை எறிந்துவிடவில்லையே? அதன் தண்டில் ஊசி பெயரிங் பதிந்த வரிவரியான தழும்புகள் இருந்தால் சுமையோ கோணமோ அதிகம். சிவப்புத் தூள் என்றால் கிறீஸ் உள்ளே போகவில்லை, நான்கு சீல்களிலும் பிதுங்கி வரும்வரை அடிக்க வேண்டும். சுத்தமாக முறிந்திருந்தால் திடீர் அடி.

கோணம் கொஞ்சம்தான் பிசகு என்றால் ஸ்பிரிங்குக்கும் தட்டுக்கும் இடையில் இரும்பு ஆப்புத் தகடு வைக்கலாம், அலுமினியம் வேண்டாம். அதிகம் என்றால் ஸ்பிரிங் தட்டை வெட்டித் திரும்ப வெல்ட் பண்ணுவதுதான் வழி. சிறிது சிறிதாக, ஆறவிட்டு, இல்லாவிட்டால் அக்ஸில் குழாய் வளைந்துவிடும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பின் டிஃப் பல் விகிதம் முன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும்வரை நான்கு சில்லு ஓட்டத்தைப் போடாதீர்கள்.

கேள்வி (வெள்ளவத்தை வாசகி): காரைத் திருப்பும்போது முன் சில்லுப் பக்கம் டக் டக் என்கிறது. அங்கே ஜொயின்டை மூடும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது. பூட் மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் கராஜ் பாஸ். சரியா?

பதில்: சத்தம் வருமுன் என்றால் சரி. சத்தம் வந்துவிட்டால் உள்ளே குண்டு ஓடும் பள்ளங்கள் தேய்ந்திருக்கும், புது பூட்டும் கிறீஸும் அதைத் திருப்பித் தராது. ஜொயின்டை மாற்றுங்கள். முழு ஷாஃப்டாக ரீகண்டிஷன் வாங்கினால் நீளத்தையும் ஏபிஎஸ் (பிரேக்கில் சில்லு பூட்டாமல் காக்கும் அமைப்பு) வளையத்தின் பற்களையும் பழையதோடு வைத்து எண்ணிவிட்டுக் காசைக் கொடுங்கள்.