நாயோடு கடற்கரைக்குப் போற பிள்ளைங்க: நாய் கயிறை இழுக்குறதும் வாந்தி எடுக்குறதும்

சென்னை எண்ணூர் பக்கம் சிப்பி, நண்டு பார்க்கப் போனப்போ லேப்ரடார் இழுத்து 7 வயசுப் பையன் விழுந்துட்டான், வீட்டுக்கு வந்ததும் நாய் வாந்தி எடுத்துச்சுன்னு எழுதியிருக்கீங்க.

வாந்திக்குப் பெரும்பாலும் உப்புத் தண்ணிதான் காரணம். தாகம் எடுத்தா கடல் தண்ணியவே குடிச்சிடும். ஒரு லிட்டர் நல்ல தண்ணியும் கிண்ணமும் கொண்டுபோய், கால் மணிக்கு ஒருதரம் கொஞ்சமா குடுங்க.

அதைவிடப் பயப்பட வேண்டியது வலைக்காரங்க தூக்கிப் போடுற பேத்தை மீன் (பலூன் மாதிரி உப்புற விஷ மீன்). செத்துக் காய்ஞ்சாலும் விஷம் போகாது, மாத்து மருந்தும் கிடையாது. நாய் அதை வாயில வெச்சு, தள்ளாடினா, வாயில நுரை வந்தா, வீட்டு வைத்தியம் பார்க்காம உடனே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடுங்க. "விடு"ன்னு சொன்னா விடறதுக்கு வீட்டுலயே பழக்குங்க. பிள்ளைங்களும் செத்த மீனைக் கையால தொடக்கூடாது. அறுந்த வலையில தூண்டில் முள்ளும் இருக்கும்.

கழுத்துப் பட்டை வேணாம். நெஞ்சுப் பக்கம் வளையம் வெச்ச உடல் பட்டை வாங்குங்க. இழுத்தா நாயே பக்கவாட்டில் திரும்பிடும். 6 அடிக் கயிறு, பெரியவங்க கையில. பையன் ஆசைப்பட்டா ரெண்டாவது கயிறைத் தளர்வாக் குடுங்க, மணிக்கட்டுல மட்டும் சுத்த விடாதீங்க.

காலை 7 மணிக்குள்ள திரும்பிடுங்க. புறங்கையைத் தரையில 7 நொடி வைக்க முடியலன்னா நாயோட பாதமும் சுடும். முகத்துவாரச் சேத்துல ரெண்டு பேரையும் இறக்காதீங்க, ஆலைக் கழிவும் அனல்மின் நிலையச் சாம்பலும் கலந்தது அது. தெருநாய் கீறினாலே சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே வெறிநாய்க்கடி (ரேபிஸ்) ஊசி.